தேர் நிலைக்கு வரும் வரை

திருவண்ணாமலையில் வாழ்பவர்க்குத் தேர் என்பது ஏட்டில் மட்டும் உள்ள சொல் அன்று. கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் 7-ஆம் நாளில் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. ஒரு தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகே அடுத்த தேர் புறப்படும். அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே பற்றி இழுக்கின்றனர். சண்டிகேசுவரர் தேரோ சிறுவர்களின் கைகளுக்கு உரியது. இவ்வூர்க் கிறித்தவர்களாகிய நாங்களும் கடை வாசல்களிலும் மாடிகளிலும் நின்று அக்காட்சியைக் கண்டு வளர்ந்தவர்களே. நம் ஆலயத் திருவிழாக்களிலும் தேர்பவனி உண்டு. தேரை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த அக்காலத்தவர் 'கார்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே அச்சொல் தேருக்கு வழங்கி வந்தது.

பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு. ஒன்றின் வடம் ஆயிரம் கைகளில் இருக்கிறது. மற்றொன்றின் சாவி ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஒன்று வரும்போது தெருவே திரண்டு வெளியே வருகிறது. மற்றொன்று வரும்போது தெரு ஒதுங்கி வழி விடுகிறது. விலைமதிப்புள்ள ஒரு பொருள் எப்போது ஊருக்குரியதாகிறது என்னும் வினாவை எங்கள் சிறு குழு ஓராண்டுக் காலம் சுமந்து திரிந்தது. அவ்வினாவோடு கோயம்புத்தூர் சென்று, பழங்கார்களைக் கண்டு திரும்பிய ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

எங்கள் குழுவில் 11 பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அஞ்சலகத்தில் பணியாற்றியவர், தையற்கடை வைத்திருக்கும் அம்மா, மெக்கானிக் ஒருவர் எனப் பல தரப்பினர். சிறுநீரகம் பழுதுபட்டு வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களை வீட்டிலிருந்து அழைத்துச் செல்வதும், சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுமே எங்கள் பணி. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஒருவர், அதன்பின் வெயிலில் பேருந்துக்காக நிற்கும் நிலையில் இருப்பதில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூலியே எங்கள் செலவில் பெரும்பகுதியாக இருந்து வந்தது.

இந்நிலையில், குழுவைத் தொடங்கி வைத்த முதிய தலைமையாசிரியர் இறைவனடி சேர்ந்தார். தம் வண்டியைக் குழுவுக்கென எழுதி வைத்திருந்தார். அது 1967-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இன்றைய இளைஞர்க்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். சென்னைக்கு அருகே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் இவ்வண்டியைச் செய்து வந்தது. அம்பாசடர் வங்காளத்திலும் ஃபியட் பம்பாயிலும் உருவான அந்நாள்களில், ஹெரால்டு நம் தமிழ் மண்ணில் உருவாயிற்று. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. முன் மூடியும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். முன்சக்கரங்கள் வெகுவாக ஒடிந்து திரும்புவதால், ஏறத்தாழ 25 அடி இடம் இருந்தால் வண்டியை முழு வட்டமாக வளைத்துவிடலாம். மாட வீதிகளிலிருந்து பிரியும் குறுகிய தெருக்களில் தலைமையாசிரியர் அதனை ஒரே மூச்சில் திருப்பிய அழகை இன்றும் சொல்லி மகிழ்வோர் உண்டு. போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு அவ்வண்டி சுமந்து சென்ற நோயாளிகள் எத்தனை பேர் என்பதற்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

வண்டி வந்தது; அதனோடு வழக்கும் வந்தது. செப்பனிட்டு நாமே ஓட்டலாம் என்றனர் சிலர். ஆயின் அது இரு கதவு வண்டி. பின்னிருக்கைக்குச் செல்ல வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கி, முதுகை வளைத்து நுழைய வேண்டும். டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டோடு தள்ளாடி வரும் முதியவரால் அது இயலுமா? உதிரி பாகங்களும் எளிதில் கிடைப்பதில்லை. பழம்பொருளாக அழகுபடுத்தி, விழாக்களில் காட்சிக்கு வைத்து நன்கொடை திரட்டலாம் என்றனர் வேறு சிலர். சென்னையில் பழங்கார்கள் சேர்க்கும் ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அவர் தருவதாகச் சொன்ன தொகைக்கு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுள்ள பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, ஓராண்டு டீசல் பெட்ரோல் கவலையின்றியும் இருக்கலாம். ஆனால் விற்பது என்ற பேச்சை எடுத்தாலே பலர் முகம் வாடியது. தலைமையாசிரியரின் கை பட்டுப் பட்டு வழவழப்பான ஸ்டியரிங் சக்கரத்தை எவ்வாறு விலை பேசுவது?

சட்டமும் இதில் ஒரு முடிச்சைப் போட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகி, மூல வடிவம் மாறாமல் பேணப்பட்டு வரும் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள அத்திருத்தம் வழி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி அவ்வண்டியைச் சாலையில் ஓட்டுதல் கூடாது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இடமில்லை. அஃதாவது, அப்பெருமையை நாங்கள் ஹெரால்டுக்குத் தேடிக் கொடுத்தால், அது நோயாளியைச் சுமக்கும் உரிமையை இழந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் பழங்கார்களை முறையாகப் பேணும் இடத்தை ஒருமுறை கண்டு வருவோம் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். தலைமையாசிரியரின் துணைவியாராகிய டீச்சரம்மாவும் வர இசைந்தார். ஒரு சனிக்கிழமை, பொழுது புலருமுன் வாடகை வேனில் புறப்பட்டோம். செங்கம், ஊத்தங்கரை, அரூர், சேலம் என வழி நீண்டது. வேனை ஓட்டி வந்த கல்லூரி மாணவனான தம்பி, உலகின் விரைவான கார்களின் பெயர்களையும் விலைகளையும் செபமாலை மணிகளைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

கோவை அவினாசி சாலையில், ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் பொறுப்பில் அமைந்துள்ளது ஜீடி கார் அருங்காட்சியகம். 2015-இல் திறக்கப்பட்டது. யாருடைய பெயரால் அந்த அறக்கட்டளை நடக்கிறதோ அந்த ஜி.டி. நாயுடு (1893–1974) கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதனை வாங்கினார். வாங்கியதை ஓட்டித் திரிவதோடு நில்லாமல், முற்றிலும் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்து அதன் உள்ளமைப்பைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை வளர்த்தார். தொழிற்கல்விக்காகவும் தம் பொருளைச் செலவிட்டார். பள்ளிக்கூடம் நிறைவாகப் பயிலாத ஒருவர், பிறர் பிள்ளைகள் பயில வேண்டும் என்று எண்ணியதன் தொடர்ச்சியாகவே அவ்வருங்காட்சியகம் எங்களுக்குத் தோன்றிற்று.

உள்ளே, பல நாட்டு வண்டிகள் பளபளவென வரிசையாய் நின்றன. 1886-இன் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரியுரு எங்களை முதலில் நிறுத்தியது. சைக்கிள் சக்கரங்களைப் போன்ற மெல்லிய சக்கரங்கள்; ஒரே சிலிண்டர்; ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவான ஆற்றல். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று அதற்குக் காப்புரிமை கோரினார். எனினும் உலகம் அதனை நம்பவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தாய்வீட்டுக்கு அவ்வகை வண்டியிலேயே சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். காப்புரிமைத் தாள் செய்ய முடியாததை அப்பெண்மணியின் ஒரு பயணம் செய்தது. கார் என்பது நம்பத்தக்க பொருள் என்று ஊரார் கண்டுகொண்டனர். மெக்கானிக் அண்ணன் இக்கதையைச் சொல்லி முடித்தபோது டீச்சரம்மா, "ஓட்டிக் காட்டினவங்களாலதான் வண்டிக்கே மரியாதை வந்திருக்கு, பாருங்க" என்றார்.

அப்பால் ரோல்ஸ்-ராய்ஸ். தலையில் வெள்ளிப் பாவை சிறகு விரித்து நிற்க, அரண்மனை வாசலில் நிற்பது போன்ற தோற்றம். நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்த தையற்கார அம்மா மெல்லக் கேட்டார்: "இத்தனை வண்டியையும் வித்து ஏழைங்களுக்குக் கொடுத்தா எத்தனை குடும்பம் பிழைக்கும்?"

நற்செய்தியை அறிந்த நம் எவர்க்கும் இவ்வினா முன்பே கேட்ட வினாதான். பெத்தானியாவில் மரியா இயேசுவின் பாதங்களில் நறுமணத் தைலத்தைப் பூசியபோது, அதனை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கேட்டான். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் ஊதியம். எனவே அது ஏறத்தாழ ஓராண்டு உழைப்பின் விலை. வினாவில் பிழையில்லை, எத்தனையோ புனிதர்கள் அதையே கேட்டிருக்கின்றனர். யூதாசின் குறை, பிறர் கையிலிருந்த தைலத்துக்கு அவன் விலை சொன்னதே. பணப்பை அவனிடம் இருந்தது என்பதை யோவான் குறிப்பிடத் தவறவில்லை. மரியாவோ தன்னுடையதைத் தன் கையாலேயே ஊற்றினாள்.

இதனை நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் மெக்கானிக் அண்ணனும் தம் பங்குக்குச் சொன்னார்: "அக்கா, இவங்க இப்படிக் காப்பாத்தி வைக்கலன்னா இதெல்லாம் என்னிக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நான் பன்னண்டு வயசுல பட்டறைக்குப் போனப்போ எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இல்ல. இப்படி ஒரு இடம் இருந்திருந்தா, அடி வாங்காமலே பாதி வேலை கத்திருப்பேன்." அப்போது அங்கே பள்ளிச் சிறுவன் ஒருவன் தரையில் சம்மணமிட்டு, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் வடிவை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தான். அதன் எஞ்சின் பின்பக்கம் இருப்பதை அண்ணன் அவனுக்கு விளக்கினார். சிறுவனின் கண்கள் விரிந்தன. ஒருவர் செல்வத்தைப் பூட்டி வைக்காமல் பலர் காணத் திறந்து வைப்பதும் ஈகையின் ஒரு வகையே என்பதைத் தையற்கார அம்மாவும் ஏற்றுக்கொண்டார்.

நண்பகலில் மர நிழல் ஒன்றில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பேச்சு, விற்றுக் கொடுத்தவர்களைப் பற்றித் திரும்பியது. அஞ்சலகத்து அண்ணன் 1964-ஐ நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்தபோது, அமெரிக்க மக்கள் அளித்த வெள்ளை லிங்கன் கார் ஒன்று அவர் பயன்பாட்டுக்கு இருந்தது. புறப்படும்போது அதனை அவர் அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அவ்வண்டியையே பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தி, திரண்ட பணத்தை ஆசன்சோலுக்கு அருகே தொழுநோயாளர்க்கென எழுந்த சாந்தி நகருக்குச் செலவிட்டார். அதே 1964-இல்தான் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் பழங்கார் பேரணியைத் தொடங்கியது என்பதும் ஓர் ஒற்றுமை.

வேன் ஓட்டிய தம்பியும் வாய் திறந்தான். ஃபெராரி நிறுவனம் என்ஸோ என்னும் அதிவேகக் காரில் 399 மட்டுமே செய்வதாக முடிவு செய்திருந்து, 400-ஆவதாக ஒன்றைச் செய்து திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு அளித்ததை அவன் அறிந்திருந்தான். ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டோர்க்கென அது 2005-இல் ஏலம் விடப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஐ மறக்க இயலாத நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் நினைத்து நாங்கள் சற்று நேரம் பேசாதிருந்தோம். 2017-இல் லம்போர்கினி நிறுவனம் திருத்தந்தை பிரான்சிசுக்கு வெள்ளை ஹுராக்கான் ஒன்றை வழங்கியது. அவர் அதன் மூடியில் கையெழுத்திட்டு ஏலத்துக்கு அனுப்பினார். 2018 மே மாதம் மான்ட்டி கார்லோவில் அது 7,15,000 யூரோவுக்கு விலைபோயிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடுகளையும் ஆலயங்களையும் மீளக் கட்டவும், மனிதக் கடத்தலுக்கு இரையான பெண்களுக்காகவும், ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணிக்காகவும் அப்பணம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

"அப்ப நாமளும் குலுக்கல் வச்சா என்ன?" என்றார் ஒருவர். தமிழ்நாட்டில் 2003 முதல் பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை இருப்பதை அஞ்சலகத்து அண்ணன் எடுத்துச் சொல்ல, சிரிப்பொலி எழுந்து அடங்கியது.

பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மா கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தார். "அவர் இந்த வண்டி வாங்கினப்போ ஊர்ல நாலு பேர் பெருமையா பேசினாங்க. அவருக்கு அது பிடிக்கல. ராத்திரி ஒரு மணிக்கு யாராவது கதவைத் தட்டினா எழுந்து ஓட்டத்தான் வண்டின்னு சொல்லுவாரு. இன்னிக்கு இங்க பார்த்தேன். எல்லாம் அழகாத்தான் நிக்குது. நம்ம வண்டியும் இப்படி ஓர் இடத்துல நின்னா எனக்குச் சந்தோஷந்தான். ஆனா நம்மகிட்ட நின்னா, அது யாரையும் ஏத்தாது. வித்துடுங்கப்பா. கதவு அகலமா இருக்கிற வண்டியா வாங்குங்க."

எவரும் மறுமொழி கூறவில்லை. பிறர் பொருளைப் பார்த்து 'விற்றுக் கொடு' என்பது எளிது. தம் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நின்ற பொருளைப் பார்த்து அவ்வாறு சொல்ல அவர் ஒருவரே உரிமையுடையவர், அவரே சொல்லிவிட்டார்.

ஹெரால்டு சென்னைக்குச் சென்ற நாளில் மெக்கானிக் அண்ணன் அதனைக் கழுவித் துடைத்து, முன் மூடியைக் கடைசியாக ஒருமுறை கவிழ்த்துத் திறந்து, எண்ணெய் அளவு பார்த்து, வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்தார். அவர் அதனை மூல வடிவத்திலேயே பேணி, பேரணிகளுக்கு ஓட்டிச் செல்வதாகச் சொன்னார். அங்கேயும் ஏதேனும் ஒரு சிறுவன் அதன் முன் சம்மணமிட்டு அமரக்கூடும். அது அதன் நிலை. அங்கு அது நிற்பதில் குறையேதும் இல்லை.

இப்போது எங்களிடம் இருப்பது நிறம் மங்கிய ஓர் ஆம்னி. எந்தக் கண்காட்சியிலும் அதற்கு இடம் கிடைக்காது. தையற்கார அம்மா, இரத்தக் கறை பட்டாலும் துடைத்துவிடக் கூடிய ரெக்சின் உறைகளை அதன் இருக்கைகளுக்குத் தைத்துப் போட்டிருக்கிறார். தம்பி வாரத்தில் இரு நாள் கூலி வாங்காமல் ஓட்டுகிறான். தேரின் வடத்தைப் பற்றியவர் ஒவ்வொருவர்க்கும் தம் கையால்தான் தேர் நகர்கிறது என்று தோன்றுமாம். எங்கள் 11 பேர்க்கும் அவ்வாறே தோன்றுகிறது.

முதல் பயணம் ஒரு திங்கட்கிழமை. எங்களிடம் நீண்ட நாளாக வரும் முதியவர் ஒருவர், வேனின் கதவு பக்கவாட்டில் தள்ளித் திறப்பதைப் பார்த்தார். ஒருவர் கையையும் பிடிக்காமல், தாமே கைப்பிடியைப் பற்றி, ஏறி அமர்ந்துகொண்டார்.